அறுபத்தொன்றில் நின்ற வால்

படம் எடுப்பது அவர் வேலை, படத்தைப் படிப்பது டாக்டர் வேலை. பதினெட்டு வருடமாக எக்ஸ்ரேக்காரர் இந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. உள்ளே வருகிறவர்களை நிற்க வைப்பார், படுக்க வைப்பார், முழங்கையை மடக்கச் சொல்வார், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பார், தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அமுக்குவார். அடுத்த நொடி திரையில் எலும்பு வந்து நிற்கும். உடைந்திருந்தால் உடைந்தது தெரியும், தேய்ந்திருந்தால் தேய்ந்தது தெரியும். ஆனால் மேசையில் கிடப்பவர் தலையைத் தூக்கி "என்னங்க இருக்கு?" என்று கேட்டால் அவரிடம் இருந்தது ஒரே பதில்தான்.

"டாக்டர் சொல்வாரு."

ஒரு நாளைக்கு நாற்பது தடவை இதைச் சொல்கிற மனிதனுக்கு உள்ளுக்குள் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. அவருடைய அண்ணன் மட்டும் கேட்காமலே ஒரு பெயர் வைத்திருந்தார்: போட்டோக்காரன். அண்ணன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கம்ப்ரஸரில் காதை வைத்துக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். சொல்வதோடு நிற்காமல் சரியும் செய்துவிடுவார். "எங்க போட்டோக்காரன் ஊர்ல இருக்குற எலும்பையெல்லாம் பாத்துட்டான், ஒண்ணையும் வெளியில சொல்ல மாட்டான்" என்று உறவுக்காரர்கள் நடுவே சொல்லிச் சிரிப்பார். எக்ஸ்ரேக்காரரும் கூடவே சிரிப்பார். சிரித்து முடித்ததும் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுவார்.

அப்படிப்பட்டவர் கையில்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் பங்குச் சந்தையின் கேண்டில் படம் வந்து மாட்டியது. மிஷின் பழுதாகி ஒரு வாரம் சும்மா உட்கார வேண்டியிருந்தது. போனைத் தடவிக்கொண்டிருந்தவர் கண்ணில் வரிசையாக மெழுகுவர்த்திகள் பட்டன. ஒரு நாள் வியாபாரத்துக்கு ஒரு வர்த்தி. காலையில் விலை எங்கே தொடங்கியது, கடைசியில் எங்கே முடிந்தது என்பது தடித்த உடம்பு. நடுவில் எவ்வளவு மேலே ஏறி எவ்வளவு கீழே இறங்கியது என்பது மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கோடு. இறங்கிக்கொண்டே வந்த விலை எந்த இடத்தில் திரும்பும் என்று இந்த உருவங்களை வைத்துச் சொல்ல முடியுமாம். உடம்பு குட்டையாகி, கீழ்க்கோடு வால்போல நீண்டிருந்தால் அது சுத்தியல். முந்தின நாள் உடம்பை இன்றைய உடம்பு முழுசாக மூடினால் அது விழுங்கி. இதில் "டாக்டர் சொல்வாரு" என்ற பேச்சே இல்லை. பார்த்தவன் எவனோ அவனே சொல்லலாம். மனிதர் அன்றைக்கே விழுந்துவிட்டார்.

கற்றதைத் தன் தொழில்படியே செய்தார். அறைச் சுவரில் பழைய விளக்குப் பெட்டி ஒன்று இருந்தது. படமெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகு அதற்கு வேலையில்லை. அலமாரியில் தேதி முடிந்த ஃபிலிம் கட்டுகளும் தூங்கிக்கொண்டிருந்தன. அவர் வர்த்திப் படங்களை அந்த ஃபிலிமில் அச்சடித்து, விளக்குப் பெட்டியில் மாட்டி, இரண்டடி தள்ளி நின்று பார்ப்பார். அச்சடிக்கும் முன் ஓரங்களை வெட்டிவிடுவார். டாக்டர் மணிக்கட்டைக் கேட்டால் மணிக்கட்டை மட்டும் எடுக்க வேண்டும், தோள்வரை எடுத்து வைக்கக் கூடாது என்பது அவருக்கு முதல் நாள் சொல்லித்தந்த பாடம். கேட்ட இடம் போக மிச்சத்தை மறைப்பது கைக்குப் பழகிப்போயிருந்தது. வர்த்திகள்தான் வேண்டும், ஆகவே வர்த்திகள் மட்டும். படத்துக்கு அடியில் குட்டையும் நெட்டையுமாக நிற்கும் கட்டைகள், அதாவது அன்றைக்கு எத்தனை பங்கு கைமாறியது என்று காட்டும் கட்டைகள், ஒவ்வொரு தடவையும் கத்தரிக்குப் போயின.

ஆஸ்பத்திரியில் அவருக்கு கேண்டில் சார் என்று பெயர் வந்தது. மருந்துப் பிரிவில் இருக்கும் அம்மாள்தான் முதலில் கூப்பிட்டது. அவளும் பங்கு வாங்கி விற்கிறவள், அவரைவிட ஐந்து வருடம் அதிக அனுபவம், பத்து மடங்கு குறைவான பேச்சு.

மூன்று வருடத்தில் அவர் படித்த படங்கள் எத்தனை பலித்தன என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். மோசம் என்று சொல்ல முடியாது, நன்று என்றும் சொல்ல முடியாது. கைச்செலவுக்கு வைத்திருந்த பணத்தில் கொஞ்சம் போனது, கொஞ்சம் வந்தது. அவருக்குப் பணம் பெரிதில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அண்ணன் வாயால் "நீ சரியாப் படிச்சிருக்கே" என்று கேட்டுவிட வேண்டும்.

வாய்ப்பு ஒரு வியாழக்கிழமை வந்தது.

அவர்களுடைய அப்பா பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கம்பெனி ஒரு நல்ல வருடத்தில் தொழிலாளிகளுக்குப் பங்கு கொடுத்தது. அப்பா போன பிறகு ஆயிரத்து இருநூறு பங்கு இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கு அறுநூறாகப் பிரிந்தது. சந்தையில் அந்தப் பங்கை ஏறிட்டுப் பார்ப்பார் இல்லை. சில நாள் ஐம்பது கைமாறும், சில நாள் ஒன்றுகூட இல்லை. எக்ஸ்ரேக்காரருக்கு மட்டும் அதன்மேல் ஒரு பாசம். இரண்டு மாதமாக விலை நூற்றுப் பத்திலிருந்து சறுக்கிக்கொண்டே வந்தது. "வந்தா வரட்டும்" என்று அறுபத்தொன்றுக்கு நானூற்றைம்பது பங்கு கேட்டு ஒரு ஆர்டரைப் போட்டுவிட்டு மறந்திருந்தார். ரத்து செய்கிறவரை அது பாட்டுக்கு நிற்கும்.

அன்று காலை விலை எண்பத்துநாலில் தொடங்கியது. பத்தரை மணிக்கு இடுப்பு எலும்பு ஒன்றைப் படம் எடுத்துவிட்டு வந்தவர் போனைப் பார்த்தால் விலை அறுபத்தொன்றில் நிற்கிறது. அவருடைய நானூற்றைம்பதும் நிறைவேறியிருந்தது. இரண்டே நிமிடத்தில் விற்க வந்தவர்கள் கேட்கும் விலை மறுபடி எழுபத்தைந்துக்கு ஏறிவிட்டது. எக்ஸ்ரேக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசலில் நின்ற நோயாளியிடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொன்னார். அந்த ஆள் கணுக்காலைக் காட்ட வந்தவர், பாவம், பிடித்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் இன்னும் ஐம்பது பங்கு வாங்கினார். விற்கிறவர்கள் கேட்ட விலைக்கே வாங்கினார். சந்தை மூடும்போது எண்பத்து மூன்று. எண்பத்து நாலுக்கும் எண்பத்து மூன்றுக்கும் நடுவே குட்டியான உடம்பு, கீழே அறுபத்தொன்றுவரை நீண்ட வால். இரண்டு மாதச் சறுக்கலுக்கு அடியில் கச்சிதமான சுத்தியல். அதுவும் அந்த வாலின் நுனியைப் பிடித்தது அவரே.

ஃபிலிமில் அச்சடித்து, கீழ்ப்பகுதியை வெட்டி, விளக்குப் பெட்டியில் மாட்டினார். மருந்துப் பிரிவு அம்மாள் ஒரு சீட்டில் கையெழுத்து வாங்க வந்தாள். பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"கீழ இருந்த கட்டைங்க எங்க சார்?"

"அது தேவையில்ல மேடம். கேட்ட இடத்தை மட்டும்தான் எடுக்கணும்."

"யாரு கேட்டா?"

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளும் சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று, "நாலு பேரு வாங்காத பங்குல விழுற கேண்டிலுக்கு அர்த்தம் கிடையாது சார். அது ரெண்டு பேரு பேசிக்கிட்டது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பொறாமை என்று எக்ஸ்ரேக்காரர் முடிவு கட்டினார். அந்த முடிவுக்கு வர அவருக்கு அரை நொடிகூட ஆகவில்லை.

அன்று சாயங்காலம் மனைவியிடம் பேச்சை எடுத்தார். மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாள் முழுக்க அடுத்தவர்கள் பிரேக்கை மறப்பதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் எதற்கும் பதறாத பழக்கம் வந்திருந்தது. இருவருமாக ஆறு வருடம் சேர்த்த பணம் ஒன்று வங்கியில் இருந்தது. சொந்த வீட்டுக்கு முன்பணம். அதில் பாதியை இந்தப் பங்கில் போட வேண்டும் என்பது அவர் எண்ணம். சுத்தியலுக்கு அப்புறம் வரும் வர்த்தி அதைவிட உயரத்தில் முடிந்தால் திரும்பியது உறுதி, உடனே போட்டுவிடலாம்.

"அந்தப் படத்துல நீங்க பாக்குறது என்ன? ஏற்கெனவே போன வண்டியோட டயர் தடம். தடத்தை வச்சு வண்டி அடுத்த முக்குல எந்தப் பக்கம் திரும்பும்னு சொல்லுவீங்களா?"

"சொல்ல முடியும். அதுக்குத்தான் இத்தனை வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன்."

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் பிடிவாதமாகக் கேட்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"சரி. உங்க அண்ணன்கிட்ட கேளுங்க. அவரு சரின்னு சொன்னா நானும் சரி. அவரு ஒருத்தருதான் உங்களுக்காக வாய்க்கு வந்ததைச் சொல்ல மாட்டாரு."

அது அவர் எதிர்பார்த்ததைவிட நல்ல நிபந்தனை. அவர் ஏங்கிக் கிடந்ததும் அதே வாய்க்குத்தானே.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். எக்ஸ்ரேக்காரர் சுத்தியல் படத்தைச் சுருட்டி, மழைக்கு நனையாத உறையில் போட்டு எடுத்துப்போனார். மனைவி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல வண்டியை ஓட்டினாள்.

வழக்கமாக அண்ணன் வாசலுக்கு வந்து தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைப்பார். அன்று நாற்காலியில் இருந்தபடியே "வாடா போட்டோக்காரா" என்றார். சாப்பிடும்போது கரண்டியை இடது கையால் பிடித்தார். ஊறுகாய் ஜாடியை அண்ணியிடம் நீட்டினார், அண்ணி பேசாமல் திறந்து கொடுத்தாள். தண்ணீர் ஜாடி அவர் பக்கத்திலேயே இருந்தும், மேசையைச் சுற்றி வந்து அண்ணியே ஊற்றினாள். ஒரு நாளைக்குப் பத்துத் தோளாவது பார்க்கும் தம்பி எதிரே உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் மனசு முழுக்க உறைக்குள் இருந்த ஃபிலிமில் கிடந்தது. கேட்ட இடத்தை மட்டும் பார்ப்பது என்றால் இப்படித்தான்.

சாப்பாடு முடிந்ததும் ஃபிலிமை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பேச ஆரம்பித்தார். அப்படி ஒரு பேச்சை அந்த வீடு கேட்டதில்லை. விற்கிறவர்கள் எப்படி இரண்டு மாதம் விலையை அழுத்தினார்கள், வியாழக்கிழமை காலையில் கடைசியாக ஒரு அழுத்து அழுத்தியும் முடியாமல் எப்படிக் கை சளைத்துப்போனார்கள், வாங்குகிறவர்கள் எப்படி எழுந்து வந்தார்கள் என்று போர்க்களத்தை நேரில் பார்த்தவர்போல வெளுத்துக்கட்டினார். அண்ணி வாயைத் திறந்தபடி கேட்டாள். மனைவிகூடக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இந்த வால் எப்படி வந்துச்சு தெரியுமாண்ணே? எவனோ ஒரு பைத்தியக்காரன், என்ன விலைக்குப் போனாலும் சரின்னு மொத்தமா வித்துத் தள்ளியிருக்கான். பதறிப்போனவன் அப்படித்தான் செய்வான். நான் அவன்கிட்டேருந்து நுனியில பிடிச்சேன். அறுபத்தொண்ணு!"

"அறுபத்தொண்ணா?" என்றார் அண்ணன்.

"அறுபத்தொண்ணு. அன்னிக்கு அதுக்குக் கீழ ஒரு பைசா போகல."

அண்ணன் இடது கையை நீட்டி ஃபிலிமை வாங்கினார். வெகு நேரம் பார்த்தார். எக்ஸ்ரேக்காரருக்குப் பொறுக்கவில்லை. வீட்டுப் பணத்தில் பாதியைப் போடப்போவதையும், அண்ணன் சரி என்றால்தான் போடலாம் என்று மனைவி சொன்னதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அண்ணன் ஃபிலிமைத் திருப்பிக் கொடுத்தார். சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. இது என்ன சிரிப்பு என்று தம்பிக்கு விளங்கவில்லை.

"ஒரு வாரம் பொறு. வெள்ளிக்கிழமைக்குள்ள நானே சொல்றேன். அதுவரைக்கும் வீட்டுப் பணத்துல கை வைக்காதே."

"அதுக்குள்ள விலை ஏறிடுச்சுன்னா?"

"ஏறினா ஏறட்டும். ஓடியா போயிடும்?"

வரும் வழியெல்லாம் எக்ஸ்ரேக்காரர் சந்தோஷமாக இருந்தார். அண்ணன் மறுக்கவில்லை. போட்டோக்காரன் என்று வந்ததும் ஒரு தடவை சொன்னதோடு சரி, அதற்கப்புறம் சொல்லவே இல்லை. இதையும் ஒரு நல்ல அறிகுறியாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

முந்தின வெள்ளிக்கிழமையைப் போலவே திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பங்கு கைமாறவே இல்லை. வர்த்தி இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. புதன்கிழமை இருபது பங்கு கைமாறி விலை எண்பத்தாறில் முடிந்தது. சுத்தியலைவிட உயரம். உறுதியாகிவிட்டது. எக்ஸ்ரேக்காரர் அந்தப் படத்தையும் அச்சடித்துப் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மருந்துப் பிரிவு அம்மாளை வேறு ஏதோ சாக்கில் கூப்பிட்டுக் காட்டினார். அவள் "ம்" என்றாள். வெள்ளிக்கிழமை வங்கியிலிருந்து பணத்தை மாற்ற எல்லாவற்றையும் தயாராக வைத்தார். பொத்தானை அமுக்குவது மட்டும்தான் பாக்கி, அண்ணனுடைய ஒரு சொல்லுக்காக.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டேகாலுக்கு அறைக் கதவு திறந்தது. அண்ணன் உள்ளே வந்தார். கையில் மடித்த சீட்டு.

"என்னண்ணே, இங்கேயே வந்துட்டே? போன்ல சொன்னா போதாதா?"

"சீட்டைப் பாரு முதல்ல."

வேறொரு ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர் எழுதிய சீட்டு. வலது தோள், இரண்டு கோணம், அறுவை சிகிச்சைக்கு முன். எக்ஸ்ரேக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். பழக்கம்தான் அவரைக் காப்பாற்றியது. சட்டையைக் கழற்றச் சொன்னார். அண்ணனால் வலது கையை உருவ முடியவில்லை. தம்பி போய்ப் பொத்தான்களை அவிழ்த்து, முதலில் இடது கையை, பிறகு வலது கையை மெதுவாக உருவினார். கம்ப்ரஸரை ஒற்றை ஆளாகத் தூக்கிய தோள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. நிற்க வைத்தார். பலகையில் சாய்த்தார். உள்ளங்கையை வெளியே திருப்பியபோது அண்ணன் பல்லைக் கடித்தார்.

"மூச்சை இழுத்துப் பிடிண்ணே."

திரையில் தோள் வந்தது. பதினெட்டு வருடத்தில் இப்படி எத்தனையோ பார்த்தாயிற்று. பார்த்த மாத்திரத்தில் எல்லாம் தெரிந்தது. இரண்டாவது கோணத்தையும் எடுத்துவிட்டு அண்ணனை முக்காலியில் உட்கார வைத்தார்.

"எப்ப ஆபரேஷன்?"

"செவ்வாய்க்கிழமை."

"ஏன் எனக்குச் சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா நீ பாப்பே. நீ பாத்தா முகத்துல தெரிஞ்சுடும். வாயைத் தொறக்க மாட்டே, முகம் மட்டும் எல்லாத்தையும் சொல்லிடும். அதான் அங்க போனேன்."

"பணம்?"

"கட்டியாச்சு. முன்னாடியே மொத்தமா கட்டணும்னு சொல்லிட்டாங்க, ரெண்டு நாள் டைம் கொடுத்தாங்க. கையில இருந்தது கொஞ்சம். மிச்சத்துக்கு அப்பா ஷேர் இருந்துச்சுல்ல, அதை வித்துட்டேன்."

எக்ஸ்ரேக்காரருக்குக் கேள்வி ஒன்று மேலே வந்தது. அதைக் கேட்காமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது.

"எத்தனை?"

"இருந்தது அவ்வளவும். அறுநூறு."

"எப்ப?"

அண்ணன் இடது கையைத் தூக்கி விளக்குப் பெட்டியைக் காட்டினார். சுத்தியல் படம் அங்கே வெளிச்சத்தில் பளிச்சென்று தொங்கிக்கொண்டிருந்தது.

"அன்னிக்குத்தான். நீ சொன்னியே பைத்தியக்காரன். ஃபாரம்ல ஒரு கட்டத்துல விலை போடணுமாம், எனக்கு என்ன தெரியும்? சந்தை விலைன்னு ஒண்ணு இருந்துச்சு, அதுல டிக் பண்ணிட்டேன். எவன் எவ்வளவு குறைச்சுக் கேட்டாலும் அந்த விலைக்குப் போயிடும்னு தெரியாது."

எக்ஸ்ரேக்காரர் போனை எடுத்தார். பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் எடுத்தார். வெட்டாத படம். சுத்தியலுக்கு நேர் கீழே, மூன்று வருடமாகக் கத்தரிக்குக் கொடுத்த இடத்தில், ஒரே ஒரு கட்டை மற்றதெல்லாவற்றையும் குள்ளமாக்கிக்கொண்டு நெட்டையாக நின்றது. விரலை வைத்தார். அறுநூற்றைம்பது. மத்தியானம் தான் வாங்கிய ஐம்பதைக் கழித்தார்.

காலையில் வாலைக் கீழே இறக்கியது அண்ணன். அறுபத்தொன்றில் கையை நீட்டிக்கொண்டு நின்றது தம்பி. மத்தியானம் மேலே இழுத்ததும் தம்பியே. விற்கிறவர்களும் இல்லை, வாங்குகிறவர்களும் இல்லை, போர்க்களமும் இல்லை. அப்பாவின் பங்கு ஒரு மகன் கையிலிருந்து இன்னொரு மகன் கைக்கு, எண்பத்துநாலு பெறுவது அறுபத்தொன்றுக்கு, போயிருந்தது. அதை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கொடுத்தவரிடமே பெருமை அடித்திருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. காது மடல்வரை சுட்டது.

"ஞாயித்துக்கிழமையே தெரியுமாண்ணே?"

"நீ அறுபத்தொண்ணுன்னு சொன்ன உடனே தெரிஞ்சுது. வித்ததுக்கு எனக்கு வந்த சீட்டுலயும் கடைசி வரியில அதே அறுபத்தொண்ணு, அதே நானூத்தைம்பது."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிடா சொல்றது? உன் பொண்டாட்டி உக்காந்திருக்கா. நீ படத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அப்படிப் பேசுறே. பொறந்ததிலேருந்து நீ அப்படிப் பேசி நான் பாத்ததில்ல. முழுசாக் கேட்கணும்னு தோணுச்சு, கேட்டேன்." அண்ணன் தோளை அசைக்கப் பார்த்து, வலித்து, விட்டுவிட்டார். "ஆனா வீட்டுப் பணத்தைப் போடப்போறேன்னு சொன்னே பாரு, அதை விட முடியாது. இந்தத் தோள் படத்தை அங்கேயே எடுத்திருப்பேன். உன்கிட்ட தனியாப் பேசணும்னுதான் இங்க எடுக்க எழுதி வாங்கிட்டு வந்தேன்."

"அந்த நானூத்தைம்பதுக்கு நான் மிச்ச விலையை..."

"போடா. வெளியாள் எவன் கைக்கோ போகாம உன்கிட்ட வந்துச்சே, அது போதும் எனக்கு."

வெளியே நடைபாதையில் தள்ளுவண்டி ஒன்று உருண்டு போனது. அண்ணன் எழுந்து திரைக்கு முன்னால் வந்து நின்றார். சாம்பல் நிறத்தில் அவருடைய தோள் அங்கே இருந்தது.

"இது என்ன சொல்லுதுடா?"

பதினெட்டு வருடப் பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எக்ஸ்ரேக்காரர் அதை விழுங்கினார். விரலைத் திரையில் வைத்தார்.

"இது பந்து, இது கிண்ணம். நடுவுல ஒரு இடைவெளி இருக்கணும், இங்க இல்ல. எலும்பும் எலும்பும் நேரா உரசுது. இங்க ஓரத்துல முள்ளு மாதிரி வளந்திருக்கு. இது ஒரு மாசத்துல ஆனதில்லண்ணே. ரெண்டு வருஷமாவது வலிச்சிருக்கும்."

"ரெண்டரை" என்றார் அண்ணன். "மூட்டை மாத்தினா சரியாயிடுமா? மறுபடி தூக்க முடியுமா?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே. இதுவரைக்கும் நடந்ததுதான் இதுல இருக்கு."

அண்ணன் தலையை ஆட்டினார். கம்ப்ரஸரில் காது வைத்துக் கேட்பதுபோல இன்னும் கொஞ்சம் குனிந்து திரையைப் பார்த்தார்.

"சரியாத்தான் படிக்கிறே."

எக்ஸ்ரேக்காரர் சட்டையை எடுத்து, வலது கையை முதலில் நுழைத்து, பிறகு இடது கையை நுழைத்து, கீழிருந்து மேலாக ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டார். மேல் பொத்தான் கொஞ்சம் அடம் பிடித்தது. போன் மேசையில் அதிர்ந்தது. சந்தை மூட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மனைவிதான் கேட்டிருந்தாள்: அண்ணன் என்ன சொன்னார்?

அவர் நின்றபடியே பதில் அனுப்பினார். வலது தோள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். நாம ரெண்டு பேரும் லீவு போடணும்.